உறக்கக்காரியின் வலது கை

எங்க மூணு பேரையும் தூக்கிட்டு வேற ஆள் போட்டாச்சுங்கிற விஷயமே எனக்கு ஒரு பேனரைப் பாத்துதான் தெரிஞ்சுது. மணிலாவை ஒட்டின மலபோன் பாலத்துக்குப் பக்கத்துல, ஏதோ கவுன்சிலர் பிறந்தநாள் பேனருக்கும் டியூஷன் சென்டர் பேனருக்கும் நடுவுல கட்டியிருந்தாங்க. முகமூடி போட்ட மூணு பிள்ளைங்க கையைக் கட்டிக்கிட்டு முறைக்குதுங்க. மேல பெரிய எழுத்துல "மூன்று சாபங்கள் – புதிய தலைமுறை". கீழ் மூலையில தபால்தலை அளவுக்கு எங்க பழைய படம். அதுக்குப் பக்கத்துல "இதுவரை உழைத்த மூத்தவர்களுக்கு நன்றி"ன்னு ஒரு வரி.

உழைத்தவர்களாம்! ஒரு காலத்துல எங்க பேரைச் சொன்னா வங்கிக்காரன் ஷட்டரை இறக்குவான். நாங்க என்ன ரோடா போட்டோம், நன்றி சொல்றதுக்கு?

"ஏம்மா பெத்தாங், இந்தப் படம்தானா கெடைச்சுது இவனுங்களுக்கு?"ன்னு எங்க மூணு பேர்ல ஒருத்தனான அம்போ அங்கேயே நின்னு என்கிட்ட கத்தினான். "எனக்கு ரெட்டைத் தாடை தெரியுது பாரு."

"உனக்கு அப்பவே ரெட்டைத் தாடைதான்"ன்னான் மூணாவது ஆளான மெடியோ.

அம்போ விரலைச் சொடுக்கினா மின்னல் பாயும். ஒரு தடவை மணிலாவையே விடிய விடிய இருட்டுல போட்டவன். இப்ப தெருமுனையில ஃபேன் ரிப்பேர் பண்றான். கரண்ட் பில் வர்ற அன்னைக்கு அவன் கத்துற கத்துல நாய்ங்க எல்லாம் ஓடிடும். மெடியோ எந்தச் சுவத்துலயும் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்துடுவான். இப்ப ஒரு ஹார்டுவேர் கடையில வாட்ச்மேன். வாரத்துல ஒரு தடவையாவது சாவியைத் தொலைச்சிட்டு, பூட்டுக்காரன் வர்ற வரைக்கும் சொந்த வீட்டு வாசப்படியில உக்காந்திருப்பான். சுவரைப் பாத்துப் பாத்துப் பெருமூச்சு விடுவான். புகுந்துடலாம், ஆனா புகக் கூடாது. எங்களுக்கு மன்னிப்பு குடுத்து வெளிய விட்டப்ப போட்ட நிபந்தனை அது. யாராவது ஒருத்தர் சக்தியை எடுத்தாலும் மூணு பேரும் திரும்பத் தீவு ஜெயிலுக்குத்தான்.

நான் பெர்பெத்துவா. பெத்தாங்னு கூப்பிடுவாங்க. பேப்பர்காரனுங்க வச்ச பேரு உறக்கக்காரி. என் வலது கை யார் தோல்ல பட்டாலும் அந்த ஆள் அதே இடத்துல தூங்கி விழுவான். கொஞ்ச நேரம் கழிச்சு எந்திரிப்பான், உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா நான் நெனச்சாலும் நெனக்காட்டியும் அது நடக்கும். நிறுத்த வழி கிடையாது. அதனால அந்தக் கைக்கு எப்பவும் முழங்கை வரைக்கும் கறுப்புத் தோல் கையுறை. அதோடதான் இப்ப இஞ்சி தட்டிப் போட்ட கோழிக் கஞ்சி விக்கிறேன். இடது கையால கரண்டி பிடிக்கப் பழகிக்கிட்டேன்.

பழகிக்க முடியாதது ஒண்ணுதான். எங்க ஊர்ல பெரியவங்களைப் பாத்தா சின்னதுங்க குனிஞ்சு, அவங்க வலது கையை வாங்கி நெத்தியில ஒத்திக்கணும். மானோன்னு சொல்லுவோம். அதைச் செய்யாத பிள்ளையை "என்ன வளர்ப்போ"ன்னு பெத்தவங்களையும் சேத்துத் திட்டுவாங்க. எங்க தெருப் பிள்ளைங்க எல்லார்கிட்டயும் மானோ வாங்கும். குடிச்சிட்டு விழுந்து கிடக்குற கிழவன்கிட்டயும் வாங்கும், சீட்டாடுற கூட்டத்துகிட்டயும் வாங்கும், அம்போ, மெடியோகிட்ட கூட வாங்கும். நான் வந்தா மட்டும் ரெண்டடி தள்ளி நின்னு "ஹலோ அத்தே"ன்னு கையை ஆட்டிட்டு ஓடிடும். எனக்கு அம்பத்தெட்டு வயசு. கல்யாணம் இல்ல, பிள்ளை குட்டி இல்ல. அந்த ஹலோ எனக்கு எவ்வளவு வலிக்கும்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. ஜெயில்ல கூட அவ்வளவு வலிச்சதில்ல.

அப்படி இருக்குறப்பதான் ரிஸலின் வந்து, தன் பிள்ளைக்கு ஞானத்தாயா நிக்கச் சொன்னா. பக்கத்து வீட்டுப் பொண்ணு. மாசமா இருந்தப்ப எதைத் தின்னாலும் வாந்தி. என் கஞ்சி மட்டும் உள்ள நின்னுச்சு. அந்த நன்றி.

அவ மாமியா செஃபா சும்மா விடுவாளா? என் கடை முன்னாடியே நின்னு ஆரம்பிச்சா. "ஏண்டி, இந்த ஊர்ல ஞானத்தாய்க்கா பஞ்சம்? பிள்ளையைத் தாலாட்டித் தூங்க வைக்க சோம்பேறித்தனம்னு இவளைப் பிடிச்சியா?"

"இவங்கதான் அத்தே" – ரிஸலின் அசையல.

"அந்தக் கை பிள்ளை மேல படட்டும், அப்புறம் இருக்கு உனக்கு." என்னையும் ஒரு முறை முறைச்சிட்டுப் போனா.

எனக்குக் கோவம் வரல. சந்தோஷம்தான் வந்துச்சு. ஞானப்பிள்ளைன்னு ஒண்ணு எனக்கு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு என் வாசலுக்கு வந்து நிக்கும். தள்ளியே நிக்கட்டும், பரவாயில்ல.

அந்த வாரமே மக்கராயெக் சார் வந்தார். எங்களை மேற்பார்வை பாக்குற அதிகாரி. மாசா மாசம் வருவார், ஒரு கிண்ணம் கஞ்சி குடிப்பார், முட்டை வேணும்பார். அன்னைக்கு முட்டை கேக்கல.

"பெத்தாங்கக்கா, அந்தப் புதுப் பசங்க ரொம்ப ஆட்டம் போடுறாங்க. கடைத்தெரு மணிக்கூண்டைத் தூக்கிட்டுப் போய் ஆத்துக்குள்ள நட்டு வச்சிருக்கானுங்க. மேல இருக்குறவங்க உங்களுக்கும் இதுல பங்கு இருக்குமோன்னு பாக்குறாங்க."

"மணிக்கூண்டை வச்சு நாங்க என்ன சார் பண்றது?"

"எனக்குத் தெரியும்க்கா. அவங்களுக்குத் தெரியாதே. உங்க கையை வச்சு ஒரு ஆளை, ஒரே ஒரு தடவை தாக்கினாலும் மூணு பேருக்கும் தீவுதான். என்னால தடுக்க முடியாது. ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானத்துல ஜாக்கிரதையா இருங்க."

"நீங்களும் சாப்பிட வந்துடுங்க"ன்னேன். தலையாட்டிட்டுப் போனார்.

ஞாயித்துக்கிழமை கோயில்ல எல்லாம் நல்லா நடந்துச்சு. இடது கையில மெழுகுவத்தி பிடிச்சேன். செஃபா எனக்கும் பிள்ளைக்கும் நடுவுல சுவரு மாதிரி நின்னா. ஃபாதர் தண்ணி ஊத்தினதும் பிள்ளை மிக்கேலா வீல்னு கத்தினா. நான் ஞானத்தாய் ஆயிட்டேன்.

விருந்து தெருவுலதான். தார்ப்பாய் கட்டி, பெஞ்சுங்களை நீளமாச் சேத்து, மேல வாழை இலையை விரிச்சு, அதுல சோத்தைக் கொட்டி, சுட்ட மீன், நூடுல்ஸ், மாங்கா, நட்ட நடுவுல முழுப் பன்னி ரோஸ்ட். எல்லாரும் சுத்தி உக்காந்து கையாலதான் திங்கணும். கையுறையோட சோறு பிசைய முடியாது, அதனால அந்த ஒரு சமயம் மட்டும் கழட்டுவேன். அதுக்காகவே பெஞ்சுக் கடைசியில என் இடம். எனக்குப் பக்கத்து நாக்காலி எப்பவும் காலி. யாரும் சொல்லி வைக்கறதில்ல, அதுவா காலியாயிடும்.

ரெண்டு வாய் சோறு தின்னிருப்பேன். தெருமுனையில வெள்ளைப் புகை கிளம்புச்சு. யாரோ கொசுமருந்து அடிக்கிறாங்கன்னு நெனச்சு செஃபா இலையை மூடச் சொன்னா. புகைக்குள்ளேருந்து மூணு பேர் வந்தாங்க. பேனர்ல இருந்த அதே மூணு முகமூடி. ஒருத்தி வாயிலேருந்து புகை விடுறவ. ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடிச்சுப் படம் எடுத்துக்கிட்டே வர்றான், அவன் சக்தி என்னன்னு கடைசி வரைக்கும் தெரியல. நடுவுல வந்தவன்தான் தலைவன். அவன் பன்னியை ஒரு பார்வை பாத்தான். அது இலையை விட்டு எழும்பி எங்க தலைக்கு மேல நின்னுச்சு. எண்ணெய் சொட்டுது.

"எல்லாரும் அசையாம இருங்க!" குரல் இன்னும் உடைஞ்சு முடியாத குரல். "பழைய சாபங்கள் மூணு பேரும் எந்திரிங்க. இனிமே இந்தப் பேரு எங்களோடதுன்னு கேமரா முன்னாடி உங்க வாயால சொல்லணும்."

மெடியோ மீன் முள்ளைத் துப்பினான். "அதுக்கா தம்பி இவ்வளவு தூரம் வந்தீங்க? எடுத்துக்கோங்க. பேரோட சேத்து கேஸுங்களையும் எடுத்துட்டுப் போங்க."

சனம் சிரிச்சுடுச்சு. அவனுக்கு அது பிடிக்கல.

"மண்டி போட்டுச் சொல்லணும்!"

"எனக்கு முட்டி வலி தம்பி"ன்னான் அம்போ. சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் பெஞ்சுக்கு அடியில அவன் விரல் நுனியில நீலமாப் பொறி பறக்குறதை நான் பாத்துட்டேன். காலால ஒரு உதை விட்டேன். "கையை மடக்குடா பாவி, மூணு பேரும் உள்ள போவோம்"னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னேன். மடக்கினான்.

"மண்டி போடலைன்னா அடுத்தது அதுதான்"னு அவன் தொட்டில் பக்கம் திரும்பினான். மிக்கேலா படுத்திருந்த தொட்டில். அதோட ஒரு கால் தரையில தடதடன்னு ஆடுச்சு. ரிஸலின் போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

எனக்குத் தீவும் ஞாபகம் இல்ல, நிபந்தனையும் ஞாபகம் இல்ல. எந்திரிச்சு நின்னு, நிறுத்துடான்னு சொல்ல கையை முன்னாடி நீட்டினேன். பதட்டத்துல நீட்டினது வலது கை. சோத்துப் பருக்கை ஒட்டின வெறும் கை.

அவன் என்கிட்டேருந்து ஒரு எட்டு தூரத்துல நின்னுக்கிட்டு இருந்தான். கையைப் பாத்தான். எங்க ஊர்ல வளந்த பிள்ளை முன்னாடி ஒரு வயசான பொம்பளை கையை நீட்டினா அதுக்கு அப்புறம் மூளைக்கு வேலை கிடையாது, உடம்பு தானா குனியும். அவன் குனிஞ்சான். "மானோ, பெரியம்மா"ன்னு அடிக்குரல்ல சொன்னான். என் விரலைப் பிடிச்சு நெத்தியில ஒத்தினான். அப்படியே மடங்கி, நூடுல்ஸ் மேல கவுந்து, குறட்டை விட ஆரம்பிச்சான்.

தொட்டில் நின்னுச்சு. பன்னி பொத்துன்னு செஃபா மடியில விழுந்துச்சு.

மத்த ரெண்டு பேரும் அடுத்த நிமிஷம் இல்ல. புகைக்காரி அவ விட்ட புகையிலேயே இருமிக்கிட்டு ஓடினதா சொன்னாங்க. அதுக்குள்ள மக்கராயெக் சார் கையில பழக்கூடையோட விருந்துக்கு வந்து நிக்கிறார். தூங்குறவனைப் பாத்தார். என் வெறும் கையைப் பாத்தார். கூடையைக் கீழ வச்சிட்டார்.

"என்னக்கா இது?"

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள செஃபா எந்திரிச்சா, மடியில பன்னித் தலையோட. "அவ கையையே நீட்டல சார். மீன் எடுக்கக் கையைக் கொண்டு போனா, இவன் வந்து விழுந்தான். நான் பாத்தேன். சாமி சத்தியமா!"

செஃபா! எனக்காக! தெருவே "ஆமா சார், மீனு சார்"னு கூடச் சேந்துக்கிச்சு.

மக்கராயெக் சார் என்னை மட்டும் பாத்தார். "நீங்க சொல்லுங்க. நீட்டினீங்களா?"

"நீட்டினேன் சார். நிறுத்தச் சொல்லித்தான் நீட்டினேன். ஆனா..." அதோட நிறுத்தியிருக்கலாம். வாய் நிக்கல. "அவன் குனியறது தெரிஞ்சுது சார். கையை இழுத்துக்க நேரம் இருந்துச்சு. இழுக்கல."

"ஐயோ, போச்சு"ன்னு அம்போ தலையில கை வச்சான். "மூணு பேருக்கும் சேத்து வாயைத் தொறக்குறியே!"

"ஏன் இழுக்கல?"ன்னார் சார்.

"என்கிட்ட யாரும் கேட்டதில்ல சார். இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளை கூட என்கிட்ட மானோ கேட்டதில்ல. இவன் கேட்டான். எப்படி சார் இழுத்துக்குவேன்?"

ரிஸலின் மூக்கை உறிஞ்சினா.

சார் தொப்பியைக் கழட்டி நெத்தியைத் துடைச்சார். "அக்கா, இப்ப என் கையில ஒண்ணும் இல்ல. இவன் எந்திரிக்கட்டும். அந்தம்மா தாக்கினாங்கன்னு இவன் சொன்னா, நான் உங்க மூணு பேரையும் இப்பவே வண்டியில ஏத்தணும்."

அவன் எந்திரிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தோம். சோறு ஆறிடும்னு சனம் திரும்பச் சாப்பிட உக்காந்துடுச்சு. பன்னியைத் துடைச்சு வெட்டிட்டாங்க. எனக்கு ஒரு வாய் இறங்கல. கையுறையை மாட்டிக்கிட்டுத் தொட்டிலைப் பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் ஞானத்தாய் ஆனேன், இன்னைக்கே போறேன், அடுத்த கிறிஸ்துமஸுக்கு இந்தப் பிள்ளை யார் வாசல்ல போய் நிக்கும்னு அதே நெனப்பு. சார் அவன் முகமூடியைக் கழட்டி, கைக்கு விலங்கு மாட்டியிருந்தார். இருவது வயசு தாண்டியிருந்தா அதிசயம். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தான். பேரு ஜொமெல்னு அவன் பையில இருந்த கார்டு சொல்லிச்சு.

கண்ணை முழிச்சதும் கன்னத்துல ஒட்டின நூடுல்ஸை எடுத்துப் போட்டான். கையில விலங்கைப் பாத்தான். மக்கராயெக் சார் அவன் முன்னாடி குத்த வச்சு உக்காந்தார்.

"தம்பி, நீ கவுந்த வீடியோ ஊரு பூராப் போயிடுச்சு. உன் கூட்டாளியே போட்டுட்டான். உறக்கக்காரி புதுத் தலைவனை ஒரே அடியில சாய்ச்சுட்டாங்கன்னு எழுதியிருக்கான். இப்ப நீ சொல்லு. இந்தம்மா உன்னைத் தாக்கினாங்களா?"

எனக்கு விளங்கிடுச்சு. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா அவனுக்கு எல்லாமே லாபம். உறக்கக்காரியோட மோதி விழுந்தவன்னு பேரு நிக்கும். பழைய மூணு பேரும் தீவுக்குப் போயிடுவோம், பேருக்குப் போட்டியே இருக்காது. இல்லன்னு சொன்னா, மிரட்ட வந்த இடத்துல பெரியவங்ககிட்ட ஆசி வாங்கித் தூங்கிட்டான்னு நாடே சிரிக்கும்.

அவன் என்னைப் பாத்தான். நான் கண்ணைத் தாழ்த்திக்கிட்டேன். கெஞ்ச எனக்கு வராது.

"தாக்கல சார்"னான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இதுல என்ன சார் யோசிக்கிறது?" அவனுக்குக் கோவம் வந்துடுச்சு, முகம் செவந்துடுச்சு. "வயசுல பெரியவங்க கையை நீட்டினாங்க. நான்தான் வாங்கினேன். வாங்காம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போகச் சொல்றீங்களா? என்னை என்ன வளர்ப்புன்னு நெனச்சீங்க? எங்கம்மா அந்த வீடியோவைப் பாப்பாங்க சார். பெரியவங்க கையை மதிக்காம நடந்துக்கிட்டேன்னு தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க."

"போறது ஜெயிலுக்கு, கவலை வீட்டு வாசலுக்கு"ன்னு மெடியோ முணுமுணுத்தான்.

மக்கராயெக் சார் எந்திரிச்சுத் தொப்பியைப் போட்டுக்கிட்டார். "அவனா வாங்கியிருக்கான். இவங்க யாரையும் தாக்கல. அவ்வளவுதான் விஷயம்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "அக்கா, எனக்கு ஒரு பார்சல் கட்டி வைங்க, பன்னித் தோல் நெறைய வச்சு"ன்னார்.

அம்போ என்னைக் கட்டிப் பிடிக்க வந்து, ஞாபகம் வந்து நின்னுட்டான்.

அதோட முடிஞ்சிருக்கணும். ஆனா அந்தப் பையன் வண்டி ஏறப் போகாம நின்னான். "சொல்லிட்டுப் போறேன் சார்"ன்னு, விலங்கு போட்ட ரெண்டு கையையும் சேத்துக்கிட்டு பெரியவங்க வரிசைக்கு வந்தான். விடைபெறும்போதும் மானோ வாங்கணும் இல்லையா. செஃபா கையை வாங்கி ஒத்திக்கிட்டான். அவ விறைப்பா நின்னாலும் கையைக் குடுத்தா. அம்போ குடுத்தான். மெடியோ குடுத்தான். அடுத்தது நான்.

"டேய், அங்க வேணாம்டா!" சார் பதறிட்டார். "திரும்பத் தூங்கினா உன்னை யாருடா தூக்குறது? எனக்கு முதுகு வலி!"

பையன் என் கையைக் குனிஞ்சு பாத்தான். "அதான் கையுறை போட்டிருக்காங்களே சார்"ன்னான்.

கறுப்புத் தோலோட என் கையை வாங்கினான். நெத்தியில ஒத்தினான். நிமிந்தான். முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். "போயிட்டு வரேன் பெரியம்மா. தொட்டிலை ஆட்டினதுக்கு மன்னிச்சிடுங்க"ன்னு சொல்லிட்டு, வண்டியில போய் ஏறிட்டான்.

வண்டி கிளம்பிப் போச்சு. அம்போ என் கையுறையையே பாத்தான். நானும் பாத்தேன். இத்தனை வருஷமா அது என் கையிலேயேதான் இருக்கு. இதைப் போட்டுக்கிட்டே மானோ குடுக்கலாம்னு இந்தத் தெருவுல ஒரு புத்திசாலிக்கும் தோணல. எனக்கும்தான் தோணல. பயந்துட்டோம், எல்லாரும் சேந்து பயந்துட்டோம், வேற ஒண்ணும் இல்ல. எனக்கு அழுகை வந்துடுச்சு. மறைக்கல.

ரிஸலின் தொட்டில்லேருந்து பிள்ளையைத் தூக்கிட்டு வந்தா. செஃபா குறுக்க வந்து நின்னா. சண்டைதான் பிடிக்கப் போறான்னு நெனச்சேன். அவ, பையன் நெத்தியிலேருந்து என் கையுறையில ஒட்டியிருந்த நூடுல்ஸ் துணுக்கைத் தன் கைக்குட்டையால துடைச்சுவிட்டா. அப்புறம் என் கையைப் பிடிச்சு மிக்கேலா நெத்தியில மெல்ல ஒத்தினா.

எல்லாரும் குனிஞ்சு பாத்தோம். பிள்ளை தூங்கல. கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா.